ஜாஸ்மோனேட் போட்டும் அல்கலாய்டு ஏறவில்லை, அவசரம்!

கேலஸ்_காட்பாடி: வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். திரவத்தில் மிதக்க விட்டு வளர்க்கும் செடி செல்களில் (சஸ்பென்ஷன் கல்ச்சர்) மெத்தில் ஜாஸ்மோனேட் 100 மைக்ரோமோலார் போட்டு நான்கு நாள் விட்டேன். அல்கலாய்டு, அதாவது செடி தயாரிக்கும் மருந்துச் சரக்கு, கூடவேண்டும் என்று தூண்டப் போட்டது. போட்ட குடுவை, போடாத குடுவை இரண்டும் ஒரே மாதிரி. கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தட்டில் நான் தேடும் புள்ளி இரண்டிலுமே இல்லை. என்சைம் வேலை செய்யவில்லையா? சப்மிஷனுக்கு மூன்று வாரம்தான் இருக்கு. ப்ளீஸ்.

பாலாறு72: எந்தச் செடி என்று சொல்லவே இல்லையே தம்பி?

ஆம்பூர்_பயோ: மீடியம் (சத்துக் கரைசல்) என்ன, ஹார்மோன் என்ன, இருட்டா வெளிச்சமா, ஒப்பிட்டுப் பார்க்க எந்த ஸ்டாண்டர்டு?

இன்வெர்ட்டர்_அண்ணன்: இது கரண்ட் விஷயம். வேலூர் வெயிலில் மதியம் ஒரு மணி நேரம் குடுவையை ஆட்டும் ஷேக்கர் நின்றால் போதும், செல் எல்லாம் அடியில் படிந்து மூச்சு முட்டிவிடும். யாரும் இதைக் கேட்பதே இல்லை.

கேலஸ்_காட்பாடி: நித்தியகல்யாணி. எம்எஸ் மீடியம், சுக்ரோஸ் 3 சதவீதம், இருட்டு அறை. யுபிஎஸ் இருக்கு அண்ணா. அப்புறம், நான் தம்பி இல்லை, தங்கச்சி.

ஆரணி_ரவை: 3 சதவீதம் செல் பெருகத்தான் சரி. அல்கலாய்டுக்கு வேறு மீடியம் வேண்டும். சுக்ரோஸை 5க்கு மேல் ஏற்று, பாஸ்பேட்டைக் குறை. நான் எப்போதும் சொல்வது இதுதான்.

ஓய்வுபெற்றவன்: பாதையைப் படிக்காமல் குடுவையை ஆட்டினால் இப்படித்தான். டிடிசி என்சைம் டிரிப்டோபனை டிரிப்டமைன் ஆக்கும். எஸ்டிஆர் என்ற இன்னொரு என்சைம் அதை, டெர்பீன் பாதையில் வரும் செக்கோலோகானினோடு சேர்த்து ஸ்ட்ரிக்டோசிடின் ஆக்கும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான். டிடிசி ஜீனின் வேலையை மட்டும் கூட்டிப் பார்த்தார்கள். டிரிப்டமைன் குவிந்தது, அல்கலாய்டு ஏறவில்லை. செக்கோலோகானினுக்கு முந்தைய சரக்கான லோகானினை ஊட்டினால் ஏறுகிறது. அதாவது முட்டுக்கட்டை டெர்பீன் பக்கம். இதெல்லாம் முதல் செமஸ்டர் பாடம். செல் பெருகப் போடும் 2,4-டி ஹார்மோன் எவ்வளவு என்று ஏன் சொல்லவில்லை?

கேலஸ்_காட்பாடி: எல்லோரும் போடுவதுதானே சார், அதனால் எழுதவில்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராம்.

ஆம்பூர்_பயோ: அடடா, அங்கேதான் இருக்கு! 2,4-டி இருக்கும்வரை டிடிசி ஜீன் அடங்கியே கிடக்கும், டெர்பீன் பக்கமும் மந்தமாகும். செல்லைக் கழுவி, 2,4-டி இல்லாத மீடியத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஜாஸ்மோனேட் போடுங்கள்.

பாலாறு72: நித்தியகல்யாணியா? எங்கள் பக்கம் சுடுகாட்டு மல்லி என்போம். அம்மா தினமும் காலையில் ஐந்து இலை மென்றார், சர்க்கரைக்கு. கல்ச்சர் எதற்கு, வாசலிலேயே மண்டிக் கிடக்கிறதே.

ஓய்வுபெற்றவன்: தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். 1950களில் கனடாவில் நோபிள், பியர் என்ற ஆய்வாளர்கள் சர்க்கரைக்குத்தான் இந்த இலையைச் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளையணு இறங்கியது. அப்படித்தான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. வெள்ளையணுவைக் குறைக்கும் செடியை வெறும் வயிற்றில் மெல்வதா?

பாலாறு72: அம்மா எண்பது வயது வரை இருந்தார் சார்.

இன்வெர்ட்டர்_அண்ணன்: அந்தக் காலத்து உடம்பு வேறு.

ஆரணி_ரவை: எங்கள் தெருவில் வெள்ளைப் பூ இலைக்குத்தான் பலம் என்பார்கள், ரோஸ் நிறப் பூவுக்கு இல்லை.

ஓய்வுபெற்றவன்: பூ நிறத்தைப் பார்த்து மருந்தா? இரண்டும் ஒரே செடி. மடகாஸ்கரிலிருந்து வந்தது.

பாலாறு72: எங்கிருந்து வந்தால் என்ன சார், பாலாற்று மணலில் தண்ணீரே இல்லாமல் நிற்கிறது. அது எங்கள் ஊர்ச் செடிதான்.

ஆம்பூர்_பயோ: இழைக்கு வருவோமா? தங்கச்சி, ஸ்டாண்டர்டு கேட்டேனே. யுவி விளக்கில் நீலமாக ஏதாவது ஒளிர்கிறதா?

கேலஸ்_காட்பாடி: ஸ்டாண்டர்டு விண்டோலின் அக்கா, இந்தச் செடியின் அல்கலாய்டுதான், லேபில் அது ஒன்றுதான் இருந்தது. நீலம் லேசாக இருக்கு. ஆனால் இரண்டிலும் ஒரே அளவு.

ஆம்பூர்_பயோ: விண்டோலின் இருட்டில் வளரும் சஸ்பென்ஷனில் வராது. அதன் கடைசிப் படிகளுக்கு வெளிச்சம் வேண்டும், இலையில் இருக்கும் பால் குழாய்ச் செல்கள் வேண்டும். அஜ்மாலிசின், செர்பென்டைன் என்ற வேறு அல்கலாய்டுகளைத் தேடுங்கள். அந்த நீலம் செர்பென்டைனாக இருக்கலாம். இன்னொன்று, இரண்டு குடுவையும் ஒரே ஷேக்கரிலா?

கேலஸ்_காட்பாடி: ஆமாம், பக்கத்துப் பக்கத்தில். பஞ்சு மூடி.

ஆம்பூர்_பயோ: மெத்தில் ஜாஸ்மோனேட் ஆவியாகும். மல்லிகை எண்ணெயில் இருக்கும் சரக்கு அது, பஞ்சு வழியாகப் பக்கத்துக் குடுவைக்குப் போகாமலா இருக்கும்? 1990இல் ஃபார்மர், ரயன் என்ற ஆய்வாளர்கள் ஒரு செடியிலிருந்து வந்த இதே வாசனை பக்கத்துத் தக்காளி இலையை உசுப்பியதைக் காட்டினார்கள். ஒப்பிட வைத்த, ஜாஸ்மோனேட் போடாத உங்கள் கண்ட்ரோல் குடுவை கண்ட்ரோலே இல்லை. வேறு அறையில் வையுங்கள்.

ஓய்வுபெற்றவன்: இதை நான் சொல்வதற்குள் சொல்லிவிட்டார்.

கேலஸ்_காட்பாடி (16 நாள் கழித்து): 2,4-டி எடுத்தேன், சுக்ரோஸ் 5 ஆக்கினேன், கண்ட்ரோலை கீழ்த் தளத்துக்கு மாற்றினேன். இப்போது வித்தியாசம் தெரியுது, நீலம் நன்றாக வருது. எல்லோருக்கும் நன்றி.

ஆரணி_ரவை: சுக்ரோஸ்தான். சொன்னேனே.

ஆம்பூர்_பயோ: மூன்றையும் ஒன்றாக மாற்றினீர்களா? பழைய மீடியத்திலேயே ஒரு குடுவை விட்டு வைத்தீர்களா?

ஆம்பூர்_பயோ (ஒரு மாதம் கழித்து): தங்கச்சி?