ஸ்டெல்லரேட்டர் கொந்தளிப்பை வென்றுவிட்டதா?

சுருள்சாமி: அணுக்கரு இணைவுக்காக பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றத் துகள்களாலான சூடான வாயுவை, காந்தக் கூண்டில் பிடிக்க இரண்டு வகை வளைய எந்திரங்கள்: பிளாஸ்மாவுக்குள்ளேயே மின்னோட்டம் பாய்ச்சும் டோகமாக், வெளியே முறுக்கிய காந்தச் சுருள்களை நம்பும் எங்கள் ஸ்டெல்லரேட்டர். டோகமாக் கட்சிக்காரர்களுக்கு ஒரு கேள்வி. ஜெர்மனியில் கிரைஃப்ஸ்வால்டில் இருக்கும் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் ஸ்டெல்லரேட்டர், 2025 மே மாதம் உயர்தர பிளாஸ்மாவை 43 நொடி பிடித்து வைத்தது. 50 கோணல்மாணல் சுருள்களைக் கணினியில் செதுக்கி வெப்பக் கசிவை அடைத்துவிட்டார்கள். இனி டோகமாக் எதற்கு?

வெப்பவியலாளன்: அடைத்தது ஒரு ஓட்டையைத்தான். துகள்கள் மோதிப் பாதை மாறி வெளியேறும் கசிவு குறைந்தது, உண்மை. அது குறைந்ததும் அடுத்த ஓட்டை தெரிந்தது: கொந்தளிப்பு. எலக்ட்ரான்களை நுண்ணலையால் எவ்வளவு சூடாக்கினாலும் அயனிகள் 1.7 கோடி டிகிரி வாக்கிலேயே நின்றுவிட்டன. இணைவுக்கு 10 கோடிக்கு மேல் வேண்டுமே!

அரைகுறை: கொந்தளிப்பு என்றால் சாம்பார் கொதிக்கிற மாதிரியா?

வெப்பவியலாளன்: கிட்டத்தட்ட. நடுவில் கடும் சூடு, ஓரத்தில் குளிர். அந்த வெப்பச் சரிவு ஓர் அளவைத் தாண்டினால் குட்டிக் குட்டிச் சுழல்கள் கிளம்பி சூட்டை வெளியே அள்ளிப் போடும். நீங்கள் இன்னும் சூடாக்கினால் அவையும் இன்னும் அள்ளும். வெப்பநிலை மட்டும் ஏறாது.

சுருள்சாமி: அதற்குத்தானே அந்த 43 நொடியில் மில்லிமீட்டர் அளவு உறைந்த ஹைட்ரஜன் குண்டுகளைச் சுமார் 90 சுட்டார்கள்? நடுவில் அடர்த்தி கூடினால் சுழல் அடங்கும். வெப்பநிலை 3 கோடி டிகிரிக்கு ஏறியதைச் சொல்லாமல் விட்டீர்களே.

வெப்பவியலாளன்: சுடுவதை நிறுத்தினால் பழைய கதைதான். 1982லேயே ஜெர்மனியின் கார்ஷிங்கில் ஆஸ்டெக்ஸ் என்ற டோகமாக்கில் இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் வாக்னர் கண்டது வேறு. சூட்டைக் கூட்டக் கூட்ட, ஒரு கட்டத்தில் பிளாஸ்மா தானே ஓரத்தில் வேலி போட்டுக்கொண்டது. பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடி சுழல்களைக் கிழித்துவிடும். வெப்பம் தங்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஓசியில் கிடைத்த வரம்!

சுருள்சாமி: ஓசியா? அந்த வேலி அடிக்கடி வெடித்துச் சுவரைச் சுடுகிறதே. அதை அடக்க, பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் டோகமாக்கின் கலத்துக்குள் தனியாக 27 சுருள்கள் வைக்கத் திட்டம். எங்கள் சுருளைக் கிண்டல் செய்தவர்களுக்கே கூடுதல் சுருள் தேவைப்படுகிறது.

அரைகுறை: அது சரியான அடி.

வெப்பவியலாளன்: சரி, வெடிப்பை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஸ்டெல்லரேட்டருக்குச் சுருள் வரையும்போதே கொந்தளிப்பையும் கணக்கில் சேர்த்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் வரைவது ஒன்று, பூட்டுவது வேறு. 7-எக்ஸைப் பூட்டி முடிக்கவே 10 லட்சம் மணி நேர உழைப்புக்கு மேல் போனது, மறந்துவிட வேண்டாம்.