ஏற்றத்தில் நிறுத்தினால் காலையில் ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் கெப்

அண்ணாமார், டீசல் வாகனம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். கந்தப்பளையில் மரக்கறி ஏற்றுகிற பழைய டபுள் கெப் (இரண்டு வரிசை சீட்டும் பின்னால் லோட் தட்டும் உள்ள பிக்கப்), மெக்கானிக்கல் பம்ப் என்ஜின்.

முன்பக்கம் மேட்டைப் பார்த்து இரவில் நிறுத்தினால் காலையில் செல்ப் சுற்றும், என்ஜின் பிடிக்காது. டீசல் பில்டருக்கு மேலே இருக்கும், கையால் அமுக்கி டீசல் ஏற்றுகிற ஹேண்ட் பம்ப் தொளதொளவென்று கிடக்கும். அது இறுகும் வரை அமுக்கினால் உடனே ஸ்டார்ட். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை. குளிர்தான் காரணம், ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் பண்ண முன் என்ஜினுக்குள் சூடாக்குவது) மாற்று என்கிறார் கராஜ் பாஸ் (மெக்கானிக்). எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிளக் எல்லாவற்றுக்கும் கரண்ட் வருகிறது, பட்டரியும் புதுசு. எங்கேயோ காற்று இழுத்து, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குகிறது போல.

இன்னொன்று. ரம்பொடை ஏற்றத்தில் லோடோடு வரும்போது இழுவை குறைகிறது. டேங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், அப்புறம் நன்றாக இழுக்கும். டேங்கின் காற்றோட்டக் குழாய் அடைபட்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அந்த உறிஞ்சலே இரவில் டீசலைப் பின்னால் இழுக்குமா, இல்லை இது வேறு கோளாறா?

அந்தக் குழாய் சேஸியில் எந்தப் பக்கமாகப் போகும்? டேங்கை இறக்காமல் ஊதிச் சுத்தம் செய்யலாமா? காற்று இழுக்கும் இடத்தைப் பிடிக்க, பில்டருக்கு முன்னால் கண்ணாடி மாதிரித் தெரிகிற ட்யூப் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? நுவரெலியா பக்கம் பம்ப் வேலை தெரிந்த பாஸ் இருந்தாலும் சொல்லுங்கள்.