முழங்கால் மூட்டு மாற்றியவர்கள் எடைப்பட்டை கட்டிப் பயிற்சி செய்யலாமா?

மேலூர் மகன்:

வணக்கம். என் அம்மாவுக்கு 66 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. முதல் ஆறு வாரங்கள் இயன்முறை மருத்துவர் ஒருவர் மேலூரில் எங்கள் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தார். அவர் வெளியூர் சென்றபின் அது நின்றுவிட்டது. வீட்டுக்குள் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். ஆனால் வாசல்படி ஏறும்போது வலது காலில் முழுப் பாரத்தையும் கொடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை. வலது தொடை இடது தொடையைவிட மெலிந்திருப்பது பார்த்தாலே தெரிகிறது.

மதுரையில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில், வெல்க்ரோ வைத்துக் கணுக்காலில் கட்டும் மணல் எடைப்பட்டை ஒரு ஜோடி வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. அதைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தாலே கால் வலுப்பெறும் என்று அடுத்த வீட்டு அண்ணன் சொன்னதால், அம்மா ஒரு நாள் காலையில் பத்து நிமிடம் நடந்தார். அன்று மாலையே முழங்கால் லேசாக வீங்கியது, இடுப்பும் வலித்தது. உடனே நிறுத்திவிட்டோம். இந்தப் பட்டையை முறையாகப் பயன்படுத்தும் வழி உண்டா? சென்ற ஆண்டு கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த என் அப்பாவும் இதைக் கையில் கட்டிக்கொள்ளலாமா?

அண்ணாநகர் இயன்முறை மருத்துவர் (பணி நிறைவு):

தம்பி, நிறுத்தியது சரியான முடிவு. நடக்கும்போது கணுக்காலில் எடை கட்டுவதால் அம்மாவுக்கு வேண்டிய பலன் ஏன் கிடைக்காது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போது கணுக்காலில் உள்ள எடையைத் தரையே தாங்கிக்கொள்கிறது. தொடைத் தசைக்கு அதனால் கூடுதல் வேலை ஏதும் இல்லை. காலைத் தூக்கி முன்னே வீசும்போதுதான் அந்த எடை இழுக்கிறது. அந்த இழுப்பு இடுப்பின் முன்பக்கத் தசைகளுக்கும் கீழ்முதுகுக்கும் போகிறது, வீச்சின் முடிவில் முழங்காலையும் உலுக்குகிறது. அன்று மாலை வந்த வலிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். நடை மாறித் தடுக்கி விழுவதற்கும் இது இடம் கொடுக்கும். ஆகவே படுத்தோ உட்கார்ந்தோ செய்யும் பயிற்சிகளுக்கு மட்டும் பட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்பாக ஒரு சோதனை செய்துபாருங்கள். அம்மாவைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, இடது முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றச் சொல்லி, வலது காலை நீட்டியபடியே ஒரு சாண் உயரம் தூக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்தச் சொல்லுங்கள். அப்போது முழங்கால் சிறிதளவு மடங்கினாலும் தொடையின் முன்தசை இன்னும் காலின் சொந்த எடையையே முழுதாகத் தாங்கவில்லை என்று பொருள். ஒரு முழுக் காலின் எடை உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ உள்ளவருக்குப் பத்துக் கிலோவுக்கு அருகில் வரும் என்பதை நினைவில் கொண்டால், பட்டை இல்லாமலே அவர் எவ்வளவு தூக்குகிறார் என்பது விளங்கும். முழங்கால் மடங்காமல் பத்து முறை வீதம் மூன்று சுற்று செய்ய முடிந்த பிறகே அரைக் கிலோ கட்டலாம். உங்களிடம் உள்ள ஒரு கிலோ தொடக்கத்துக்கு அதிகம்.

எடையின் அளவைப் போலவே அதைக் கட்டும் இடமும் முக்கியம். பெரியவர்களின் காலில் கணுக்கால் முழங்காலிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் தள்ளியும், இடுப்பு மூட்டிலிருந்து அதைப்போல் இரு மடங்கு தொலைவிலும் இருக்கிறது. எனவே நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டும்போது முழங்காலுக்கு வரும் சுமையைப்போல் இரு மடங்கு, படுத்து முழுக் காலையும் தூக்கும்போது இடுப்புக்கு வருகிறது. படுத்தோ ஒருக்களித்தோ காலைத் தூக்கும் பயிற்சிகளுக்குப் பட்டையை முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையில் கட்டினால் அந்தச் சுமை பாதியாகும். உட்கார்ந்து நீட்டும் பயிற்சியிலோ கால் முழுதாக நீண்டு தரைக்கு இணையாக வரும் இடத்தில்தான் சுமை மிகுதி. அங்கே இரண்டு நொடி நிறுத்தி, தூக்கியதைவிட மெதுவாக இறக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், முழங்கால் பழுதடைந்த வீரர்களுக்கு இரும்புக் காலணி மாட்டி, எடையைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார். 1945இல் அவர் எழுதி வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்ததே இன்று நாங்கள் சொல்லும் பத்து முறைக் கணக்கு. பத்து முறை எளிதாகிவிட்டால் எடையைச் சிறிது கூட்ட வேண்டும். ஒரே எடையில் மாதக்கணக்காக நின்றுவிட்டால் தசை வளராது. எடைப் பயிற்சியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். பயிற்சிக்குப் பின் வந்த வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மறுநாள் காலையில் முழங்கால் வீங்கியிருந்தாலோ, அடுத்த முறை எடையைக் குறைத்துவிடுங்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தால் மூச்சை அடக்கித் தூக்கவே கூடாது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாக ஓடும். கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் வலியும் வந்தாலும், தழும்பு சிவந்து காய்ச்சல் வந்தாலும் பயிற்சியை நிறுத்தி அன்றே அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள்.

உசிலம்பட்டி வாசகர்:

மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் தந்தைக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், பாதத்தில் உணர்வு குறைவு. இறுக்கிக் கட்டிய பட்டையின் ஓரம் உராய்ந்து கணுக்காலில் தோல் உரிந்தது அவருக்குத் தெரியவே இல்லை. மூன்றாம் நாள் நான் பார்த்தபோது அது புண்ணாகியிருந்தது, ஆறுவதற்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. அன்று முதல் பருத்திக் காலுறையின் மேல்தான் கட்டுகிறோம், அவிழ்த்ததும் தோலைப் பார்க்கிறோம். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, கழுவிக் காயவைத்த ஆற்று மணலை நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் கால் கிலோ, அரைக் கிலோவாக நிறுத்து இரட்டைத் தையல் போட்டு நாங்களே பைகள் செய்துகொண்டோம். சிறிது சிறிதாக எடை கூட்ட அதுவே வசதியாக இருக்கிறது.

திருமங்கலம் தையல் அக்கா:

தம்பி, உங்கள் அப்பாவின் கையைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கும் மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். கட்டு பிரித்தபின் கத்தரிக்கோலைக்கூடப் பிடிக்க முடியாமல், எடைப்பட்டையை மணிக்கட்டில் கட்டி இரண்டு வாரம் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். தோள்தான் வலித்தது, மணிக்கட்டில் மாற்றமே இல்லை. மணிக்கட்டில் கட்டிய எடையை முழங்கையும் தோளும் தூக்குகின்றன, மணிக்கட்டு மூட்டுக்கு அதனால் வேலை இல்லை என்று பிறகு எனக்கு விளக்கிச் சொன்னார்கள். மணிக்கட்டு வேலை செய்ய எடை உள்ளங்கையில் இருக்க வேண்டுமாம். முன்கையை மேசைமேல் வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி உட்கார்ந்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதி நிரப்பிப் பிடித்து, உள்ளங்கை மேல் நோக்கியும் பிறகு கீழ் நோக்கியும் மெதுவாக ஏற்றி இறக்கினேன். அது கால் கிலோதான், ஆனாலும் முதல் வாரத்தில் எட்டு முறைக்கு மேல் முடியவில்லை. எலும்பு கூடிவிட்டதென்று எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே தொடங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேலூர் மகன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை சோதித்துப் பார்த்தேன். அம்மா காலைத் தூக்கியதும் முழங்கால் இரண்டு விரல் அளவு மடங்கியது. அருகிலிருந்து பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று தோன்றுகிறது. தனியாரிடம் தினமும் கட்டணம் கொடுக்க எங்களால் இயலாது.

அண்ணாநகர் இயன்முறை மருத்துவர் (பணி நிறைவு):

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் சேவையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் அறுவை சிகிச்சைச் சீட்டைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். அவர்கள் வரும்வரை முழங்காலின் கீழே சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கி அந்தத் துண்டை அழுத்தும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்யச் சொல்லுங்கள். இதற்கு எடை வேண்டாம்.

மேலூர் மகன்:

எடைப்பட்டையை இப்போதைக்குப் பீரோவில் வைத்துவிட்டேன். துண்டு வைத்துச் செய்யும் பயிற்சியை அம்மா இன்று காலை தொடங்கிவிட்டார். அப்பா தண்ணீர் பாட்டிலோடு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை சுகாதார நிலையத்துக்குச் சென்று வந்து இங்கே எழுதுகிறேன்.