ஷார்ஜா வந்து ரெண்டு மாசம்: ஊர் அங்கன்வாடி பூட்டிக் கிடக்கு, பையன் எடை மஞ்சளாம், பணத்தை யாருக்கு அனுப்புறது?

பாய்மரம் எழுதியது:
அஸ்ஸலாமு அலைக்கும் காக்காமாரே, வணக்கம் அண்ணன்மாரே. ஊர் தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவுல. நான் இங்க வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. போன வாரம் எங்க ஊர் அங்கன்வாடியில கூரையோட மேல்பூச்சு பெயர்ந்து விழுந்திருச்சு. நல்லவேளை, பிள்ளைங்க யாரும் உள்ள இல்ல. இப்ப டீச்சர் ஒரு வீட்டுத் திண்ணையில வச்சு நடத்துறாங்க, எங்க வீட்ல பையனை அனுப்ப மாட்டேங்குறா. எடை போட்டப்ப 8.9 கிலோ, வளர்ச்சி அட்டையில மஞ்சள்ல இருக்கான்னு சொன்னாங்களாம். கேட்டதுல இருந்து தூக்கம் இல்ல. கேம்ப்ல எங்க ஊர்ப் பசங்க 14 பேர் சேர்ந்து 6,000 திர்ஹம் வரைக்கும் வசூல் ஆயிருக்கு. யாருக்கு அனுப்பணும்? அவசரம்.

அபுதாபி காக்கா:
தம்பி, அங்கன்வாடியை விடுங்க, குடும்பத்தைக் கூப்பிடுங்க. சம்பளம் 4,000 திர்ஹம், இல்லன்னா 3,000-மும் கம்பெனி குடுக்குற வீடும் இருந்தா விசா போடலாம். ஜமாஅத் நிக்காஹ் புத்தகம் மட்டும் இங்க செல்லாது. சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்ச திருமணச் சான்றிதழ் வேணும். அதுக்கு மாநில உள்துறை, அப்புறம் டெல்லி வெளியுறவுத்துறை, அப்புறம் எமிரேட்ஸ் தூதரகம், கடைசியா இங்க வந்து வெளியுறவு அமைச்சகம்னு வரிசையா முத்திரை வாங்கணும். பிள்ளையோட பிறப்புச் சான்றிதழுக்கும் இதே வரிசைதான். அதுல பேர் இல்லாம வெறும் 'ஆண்'னு மட்டும் இருந்தா இப்பவே சேர்த்துருங்க. ஒரு வருஷம் தாண்டினா தாமதக் கட்டணம்.

ரெண்டாம் ஷிப்ட்:
கேம்ப்ல ஒரு அறையில எட்டுப் பேர் படுக்குறாங்க, நீங்க குடும்ப விசா பேசுறீங்க. முதல் ஆறு மாசம் ஏஜென்ட் கடனுக்கே சரியாப் போகும் காக்கா. வர்ற எல்லாருக்கும் இதே கதைதான், யாரும் முன்னாடியே சொல்றதில்ல.

செவிலியக்கா:
தம்பி, பிள்ளைக்கு எத்தனை மாசம்? அதைச் சொல்லாம எடையை மட்டும் சொன்னா என்ன பண்றது? 24 மாச ஆண் பிள்ளைக்கு 9.7 கிலோவுக்குக் கீழ மஞ்சள், அதாவது எடை குறைவு. 8.6-க்குக் கீழ ஆரஞ்சு, ரொம்பக் குறைவு. 14 மாசப் பிள்ளைக்கு அதே 8.9 கிலோ பச்சை, சரியான எடை.
எடை போட்டது சரியான்னும் பாக்கணும். தொங்கு தராசுல காலித் தொட்டிலை மாட்டி முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவராம போட்டா கால் கிலோ, அரைக் கிலோ தப்பும். சட்டை, ஜட்டி, கொலுசு எல்லாம் கழட்டணும். நிறத்தை விட, ரெண்டு மாசம் தொடர்ந்து எடை ஏறலைங்குறதுதான் பெரிய விஷயம்.
கைச்சுற்றளவு நாடாவால இடது மேல்கை நடுவுல அளக்கச் சொல்லுங்க. 12.5 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா பயம் இல்ல. 11.5-க்குக் கீழ இருந்தாலோ, ரெண்டு புறங்காலையும் கட்டைவிரலால அழுத்தினா குழி விழுந்து அப்படியே நின்னாலோ அன்னைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. நாளைக்குப் பாப்போம்னு இருக்கக் கூடாது.

கோலாலம்பூர் கறிவேப்பிலை:
எங்க தாத்தா காலத்துல இருந்து மலேசியா. நானும் ஆயிரம் ரிங்கிட் போடுறேன், ஊர்ல ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சு அக்கவுன்ட் நம்பர் குடுங்க. 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'ன்னு அரசுத் திட்டமே இருக்கே, அதுல கட்டிட்டா முடிஞ்சது.

கணக்குப்பிள்ளை:
மூணு தப்பு.
அது பள்ளிக்கல்வித் துறை திட்டம். அங்கன்வாடி சமூக நலத்துறை, ஐசிடிஎஸ் (ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம்). அதுல கட்டினா இந்தக் கட்டடத்துக்கு வராது.
ரெண்டாவது, மலேசியா குடியுரிமை இருக்குறவர் ஊர் டிரஸ்டுக்குக் குடுத்தா அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்கும் இல்லாம டிரஸ்ட் ஒரு ரூபா வாங்கக் கூடாது. இந்திய பாஸ்போர்ட்காரர் சொந்தச் சேமிப்புல இருந்து வங்கி வழியா அனுப்புறதுக்கு இந்தச் சிக்கல் இல்ல. ரெண்டும் ஒரே கணக்குல கலந்தா எல்லாருக்கும் தலைவலி.
மூணாவதுதான் அவசரம். எமிரேட்ஸ்ல அனுமதி இல்லாம நன்கொடை வசூலிக்குறது குற்றம், 2021-ல அதுக்குன்னு தனிச் சட்டமே வந்தாச்சு. பாய்மரம், அந்த 6,000 உங்க கையில இருந்தா இன்னைக்கே அவங்கவங்க பங்கைத் திருப்பிக் குடுங்க. வாட்ஸ்அப் குரூப்ல போட்ட பட்டியலையும் நிறுத்துங்க. ஒவ்வொருத்தரும் அவரவர் வீட்டுக்கு அனுப்பட்டும், ஊர்ல வீட்டுக்காரங்க கட்டி அவங்க பேர்லயே ரசீது வாங்கட்டும்.

ரெண்டாம் ஷிப்ட்:
நல்லது செய்யப் போனாலும் கேஸா! ஊர்ல ஊராட்சித் தலைவர் கிட்ட குடுத்தா அவர் வீட்டு மாடிதான் ஏறும்.

அபுதாபி காக்கா:
தலைவரே இல்லையே. 2025 ஜனவரி 5-லயே பதவிக்காலம் முடிஞ்சது. தேர்தல் நடக்குற வரைக்கும் அரசு போட்ட தனி அலுவலர் ராஜ்ஜியம். மீன்பிடித் தடைக்காலத்துக்கு வர்ற நிவாரணமே எப்ப வருதுன்னு எவனுக்கும் தெரியாது, இதுல அங்கன்வாடியைப் பத்தி யார்கிட்ட கேக்குறது?

உப்புக்காத்து:
கூரையைப் பத்திப் பேசுவோம். பூச்சு விழுந்த இடத்துல கம்பி தெரியுதா? தெரிஞ்சா மேல சிமென்ட் அப்பிச் சுண்ணாம்பு அடிக்க விடாதீங்க. துரு ஊதி ஊதித்தான் பூச்சைத் தள்ளுது, திரும்பவும் தள்ளும். கம்பிக்குப் பின்பக்கம் வரைக்கும் கொத்தி, கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலவை போடணும். கம்பி ரொம்ப மெலிஞ்சிருந்தா பொறியாளர் பாத்து முடிவு பண்ணட்டும்.
நம்ம கரையில பெரும்பாலும் கெடுக்குறது ரெண்டு விஷயம். ஒண்ணு, ஊர்க் கிணத்து உப்புத் தண்ணியிலயே கலவை போடுறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல போகக் கூடாது. வாயில வச்சுக் கரிக்குற தண்ணி அதைத் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு. லாரித் தண்ணிதான் வாங்கணும், நனைக்குறதுக்கும் அதே தண்ணி, குறைஞ்சது 7 நாள். ரெண்டாவது, கம்பிக்கு வெளிய இருக்க வேண்டிய கான்கிரீட் மூடல். உள்நாட்டுல 20 மில்லிமீட்டர்னா, கடற்காத்து நேரா படுற இடத்துல 45. கவர் பிளாக் (கம்பிக்கு அடியில வைக்குற சிமென்ட் துண்டு) வைக்காம ஜல்லிக்கல்லை முட்டுக் குடுத்தா அது எங்க நிக்கும்?
கடல்ல இருந்து எவ்வளவு தூரம், கட்டடம் யார் பேர்ல இருக்குன்னு சொல்லுங்க. அலையேற்றக் கோட்டுல (கடல் ஏத்தத்துல தண்ணி வந்து நிக்குற எல்லை) இருந்து 200 மீட்டருக்குள்ள புதுக் கட்டடம்னா கடலோர ஒழுங்குமுறை அனுமதி குறுக்க நிக்கும். இருக்குற கட்டடத்தை அதே அடித்தள அளவுல பழுது பாக்குறது வேற.

பாய்மரம்:
எல்லாருக்கும் நன்றி. பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன். பையனுக்கு 25 மாசம். கைச்சுற்றளவு இன்னைக்கு டீச்சர் அளந்தாங்க, 12.8. கால்ல வீக்கம் இல்ல. போன மாசம் ரெண்டு தடவை வயித்துப்போக்கு. கட்டடம் ஊராட்சி கட்டினது, கடல் 150 மீட்டர். கம்பி தெரியுது. வீட்ல காலையில 6 மணிக்கே வலையில சிக்குன நண்டைக் கழிச்சு எடுக்கப் போயிருவா, 10 மணிக்கு வருவா, பையன் எங்க உம்மாகிட்ட. இதை முதல்லயே சொல்லியிருக்கணும்.

செவிலியக்கா:
இதுல பாதி பதில் இருக்கு தம்பி. காலை 10 மணி வரைக்கும் அவன் வயித்துக்கு என்ன போகுது? டீத்தண்ணியும் பன்னுமா இருக்கும். வாங்குற சத்துமாவு வீட்ல எல்லாருக்கும் கொழுக்கட்டையா போகுதான்னு கேளுங்க, பெரும்பாலும் அப்படித்தான் போகும். அதைப் பையனுக்குன்னு தனி டப்பாவுல வைக்கச் சொல்லுங்க. உம்மா 7 மணிக்குக் கெட்டியாக் கிண்டி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு ஊட்டட்டும். மத்தியானம் சூடையோ காரலோ முள் எடுத்து சோத்தோட பிசைஞ்சு குடுக்கலாம். இதுக்குன்னு வாங்க வேண்டியதில்ல, கரையிலயே கிடக்கு.
வயித்துப்போக்கு திரும்ப வந்தா ஓஆர்எஸ். பாக்கெட்ல 1 லிட்டர்னு போட்டிருந்தா முழு லிட்டர்ல கரைக்கணும், டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமாக் கொட்டிக் கலக்கக் கூடாது. கூடவே ஜிங்க் 20 மில்லிகிராம், 14 நாள். ரெண்டு நாள்ல நின்னுருச்சுன்னு மாத்திரையை நிறுத்துறதுதான் எல்லா வீட்டுலயும் நடக்குற தப்பு. தண்ணியைக் கொதிக்க வைங்க.
நண்டுக்குப் போற வீடு உங்களது மட்டும் இல்லல்ல? எத்தனை பிள்ளைங்க இப்படிப் பசியோட காத்திருக்குன்னு டீச்சர்கிட்ட பேர் பேரா எழுதி வாங்குங்க. காலையில ஒரு வீட்ல பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஊட்ட மகளிர் குழுவுல ரெண்டு பேர் ஒத்துக்கிட்டா, உங்க 14 பேரால மாசாமாசம் அவங்களுக்கு ஏதாவது குடுக்க முடியும். கூரைக்குக் கொட்டுறதை விட இது சீக்கிரம் எடையில தெரியும்.

கணக்குப்பிள்ளை:
கூரைக்கு வழி: டீச்சர் மூலமா வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும், ஊராட்சியோட தனி அலுவலருக்கும் ஒரே கடிதம், பெயர்ந்த இடத்தோட போட்டோ வச்சு. ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போடட்டும். நமக்கு நாமே திட்டத்துல பொதுமக்கள் பங்கு குறைஞ்சது மூணுல ஒண்ணு, மீதி அரசு போடும். உங்க 14 வீட்டுப் பணம் சுமார் ஒண்ணரை லட்சம் ரூபா வரும், அதை வச்சு நாலு லட்சத்துக்கு மேல வேலை கேக்கலாம். அடுத்த கிராம சபையில தீர்மானமாப் போட வைங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதுல எது முன்னாடி வருதோ அது. தீர்மானத்துல 'பழுதுபார்ப்பு'ன்னே எழுதணும், 'புதிய கட்டடம்'னு எழுதினா 150 மீட்டர்ல மாட்டும். பணம் ரசீது இல்லாம யார் கையிலயும் போகக் கூடாது.

பாய்மரம்:
புதன்கிழமை தடுப்பூசிக்கு நர்ஸம்மா வர்றாங்களாம். வீட்ல போகச் சொல்லியிருக்கேன்.

செவிலியக்கா:
தாய் சேய் அட்டையைக் கையில எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. போன ரெண்டு மாச எடையும் அதுல எழுதியிருக்கா, வைட்டமின் ஏ சொட்டு கடைசியா எப்ப குடுத்தாங்கன்னு பாக்கணும். அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து இங்க போடுங்க, பேரையும் நம்பரையும் மறைச்சு.