நீரிழிவு ஆய்வுக் கேள்வித்தாளைப் பார்த்துச் சொல்ல ஐந்தாறு பேர் தேவை

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் நீரிழிவு ஆய்வுக் குழு ஒன்றில் நோயாளிகள் சார்பாக நானும் இருக்கிறேன் (எனக்குச் சர்க்கரை வந்து 11 வருடம்). கேள்வித்தாளின் தமிழ் வடிவத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். "ஒரு வேளைக்கு எத்தனை கிண்ணம் சோறு?" என்று ஒரு கேள்வி. அம்மாவிடம் கேட்டேன். பாயசக் கிண்ணத்தை எடுத்துக் காட்டி, "இதுலயா? நாலு இருக்கும்" என்றார். நாம் எங்கே கிண்ணத்தில் சாப்பிடுகிறோம்? தட்டும் கரண்டியும்தானே கணக்கு! தோசை, இடியாப்பம் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோப்பிக்கடையில் குடிப்பது பாலும் சர்க்கரையும் சேர்ந்த 'தே'யா, இரண்டும் இல்லாத 'தே ஓ கோசோங்'கா என்றும் கேட்கவில்லை.

சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது 2016இல். இங்கே சீனர்களைவிட இந்தியர்களிடம் இந்த நோய் அதிகம். ஆய்வுக்கு நம் ரத்தம் மட்டும் போனால் போதுமா?

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், அவர்களுக்குச் சமைப்பவர்கள் வந்தால் நல்லது. சனிக்கிழமை காலை, தேக்கா பக்கம், ஒரு மணி நேரம். ஊசி கிடையாது, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை) அளவையும் சொல்ல வேண்டாம். இன்சுலின் போடும் மாமியார் இருந்தால் கட்டாயம் கூட்டி வாருங்கள், அப்படி ஒருவரும் இன்னும் கிடைக்கவில்லை. உள்பெட்டியில் சொல்லுங்கள். தே ஓ கோசோங் என் செலவு.