அடுத்த குடியரசுத் தலைவர் வேட்பாளர்கள்: தேநீர்க்கடைக் கணிப்பு தேறுமா?

மேலூர்க்காரன்:
திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. எங்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் காலை நாளிதழைப் பிரித்ததுமே, அடுத்தவர் யார் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. துணைக் குடியரசுத் தலைவராக இருக்கும் திருப்பூர்க்காரர் சி.பி. ராதாகிருஷ்ணன்தான் என்று பாதிப்பேர் அடித்துச் சொல்கிறார்கள். அதற்கு முன்னுதாரணம் உண்டா? எந்தக் கட்சியையும் சேராத ஒருவர், உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி என்றே வைத்துக்கொள்வோம், வேட்பாளராக முடியுமா?

சோழவந்தான் ஓய்வாசிரியர்:
முன்னுதாரணம் இருக்கிறது தம்பி, ஆனால் பழையது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், ஜாகிர் உசேன், வி.வி. கிரி, ஆர். வெங்கட்ராமன், சங்கர் தயாள் சர்மா, கே.ஆர். நாராயணன் ஆகிய ஆறு பேர் அவ்வாறு உயர்ந்தவர்கள். அவர்களில் கடைசியானவர் தேர்வானது 1997இல். அதற்குப் பிறகு ஒருவருக்கும் அது வாய்க்கவில்லை. துணைத் தலைவராக இருந்துகொண்டே 2007இல் போட்டியிட்ட பைரோன் சிங் செகாவத், பிரதிபா பாட்டீலிடம் தோற்றார். முர்முவே மீண்டும் நிற்கவும் சட்டத்தில் தடையில்லை. ஆனால் இருமுறை தேர்வானவர் ராஜேந்திர பிரசாத் மட்டுமே.

தவிர, பெயர்கள் கடைசி நேரத்தில்தான் வெளிவருகின்றன. 2022 ஜூலை 18இல் வாக்குப்பதிவு என்றால், முர்முவின் பெயர் அறிவிக்கப்பட்டது ஜூன் 21இல். 2002இல் நம் ராமேசுவரத்து அப்துல் கலாம், அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் வேட்பாளரானார். ஆகவே இப்போது அடிபடும் பெயர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மதுரை வழக்குரைஞர்:
விவசாயியைப் பற்றிக் கேட்டீர்கள். குடியுரிமை, 35 வயது, மக்களவை உறுப்பினராவதற்கான தகுதி ஆகியவை இருந்து, அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி எதுவும் வகிக்காமல் இருந்தால், அரசமைப்புச் சட்டம் அவரைத் தடுக்காது. டெபாசிட் 15,000 ரூபாயை இரண்டு ஆட்டை விற்றாவது கட்டிவிடுவார். ஆனால் வாக்குரிமை உள்ள சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களில் 50 பேர் முன்மொழிய, வேறு 50 பேர் வழிமொழிய வேண்டும். ஒருவர் ஒரே ஒரு வேட்பாளருக்குத்தான் கையெழுத்திட முடியும். மதுரை மாவட்டத்தின் 10 சட்டமன்ற உறுப்பினர்களும் மனமிரங்கிக் கையெழுத்திட்டாலும் இன்னும் 90 குறையும்.

இந்தக் கட்டுப்பாடு தொடக்கத்தில் இல்லை. 1967இல் 17 பேர் களத்தில் நின்றார்கள். 1974இல் தலா 10 கையெழுத்து என்று வந்து, 1997இல் அது தலா 50 ஆனது. அன்றிலிருந்து 2022 வரை ஒவ்வொரு முறையும் இருவர் மட்டுமே போட்டியிட்டிருக்கிறார்கள்.

திருமங்கலம் வாசகர்:
வாக்குகளையும் கணக்கிட்டுப் பாருங்கள். இதில் சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு ஒன்றாக எண்ணப்படாது; மாநில மக்கள்தொகைக்கேற்ற மதிப்பு அதற்கு உண்டு. 1971 மக்கள்தொகையை வைத்து நம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176; மதுரை மாவட்டம் முழுவதற்கும் 1,760. உத்தரப் பிரதேசத்தில் ஒருவருக்கு 208 வீதம் 403 பேருக்கு 83,824. ஆனாலும் இது இரகசிய வாக்கெடுப்பு, இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று கட்சி இடும் கொறடா உத்தரவு செல்லாது. 1969இல் காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியை, சுயேச்சையாக நின்ற கிரி இரண்டாம் விருப்ப வாக்குகளால் (வாக்குச்சீட்டில் இரண்டாவது தேர்வாகக் குறிக்கப்பட்டவை) வீழ்த்தியது அதனால்தான்.

மேலூர்க்காரன்:
நன்றி ஐயா. 90 கையெழுத்துக் கணக்கை நாளைக்கே கடையில் சொல்லிவிடுகிறேன். மாநிலங்களவை நியமன உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டா?

மதுரை வழக்குரைஞர்:
இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே. 2022இல் நியமனமான பண்ணைப்புரத்து இளையராஜா, துணைத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கலாம், இதில் முடியாது.