செயல்நினைவுப் பயிற்சி பலன் தருகிறதா என்பதைப் பள்ளியிலேயே சோதிப்பது எப்படி?

வகுப்பாசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குக் கற்பிக்கிறேன். குழந்தைகளின் செயல்நினைவை, அதாவது ஒரு தகவலைச் சற்று நேரம் மனதில் வைத்துக்கொண்டே அதைக் கையாளும் திறனை, வளர்ப்பதாகச் சொல்லும் கணினிப் பயிற்சி ஒன்றை வாங்கப் பள்ளி நிர்வாகம் விரும்புகிறது. நாளொன்றுக்கு அரை மணி நேரம் வீதம் ஐந்து வாரங்களில் 25 அமர்வுகள். வாங்குமுன் அதன் பலனைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. எண்களைக் கேட்டு அவற்றைத் தலைகீழாகச் சொல்லும் தேர்வை எல்லோருக்கும் வைத்து, குறைந்த மதிப்பெண் பெறும் 30 பேருக்குப் பயிற்சி அளித்து, பிறகு அதே தேர்வை மீண்டும் வைக்கலாம் என்று திட்டமிட்டிருக்கிறேன். மதிப்பெண் உயர்ந்தால், பயிற்சி பலன் தந்தது என்று அறிக்கை எழுதலாமா? கரும்பலகையைப் பார்த்துவிட்டு ஏட்டுக்குத் திரும்புவதற்குள் பாதி வாக்கியத்தை மறந்துவிடும் குழந்தைகளை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களுடைய பெற்றோருக்குப் பொய்யான நம்பிக்கை தந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

பள்ளி உளவியலாளர்:

எழுத முடியாது, அம்மா. நீங்கள் சொல்லும் முறையில் பயிற்சியே தராவிட்டாலும் மதிப்பெண் உயரும். ஒரே தேர்வை இரண்டாம் முறை எழுதும் குழந்தைக்கு அது பழகிவிடுகிறது. இடைப்பட்ட வாரங்களில் வளர்ச்சியும் நடக்கிறது. இவற்றைவிட ஏமாற்றக்கூடியது, குறைந்த மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் தேர்ந்தெடுப்பது. முதல் தேர்வன்று காய்ச்சலாலோ தூக்கமின்மையாலோ தடுமாறிய சிலரும் அந்த 30 பேரில் இருப்பார்கள். மறுமுறை அவர்கள் தங்கள் வழக்கமான நிலைக்கு வந்தாலே குழுவின் சராசரி உயர்ந்துவிடும். இதைத்தான் சராசரியை நோக்கித் திரும்புதல் என்கிறோம்.

ஆகவே ஒப்பிட இன்னொரு குழு வேண்டும்; அதில் யார் சேர்வது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் குழு சும்மா இருப்பதும் போதாது. கணினி முன் அமர்ந்து, பெரியவர் ஒருவரின் கவனிப்பையும் பாராட்டையும் பெறும் குழந்தை, அந்தக் கவனிப்பினாலேயே ஊக்கத்தோடு தேர்வு எழுதக்கூடும். கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு உள்ள, 7 முதல் 12 வயது வரையிலான 53 குழந்தைகளை வைத்து ஸ்வீடன் நரம்பியல் ஆய்வாளர் டார்கெல் கிளிங்பெர்க் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே பயிற்சி தரப்பட்டது. ஆனால் அதன் கடினநிலை மட்டும் உயரவில்லை. நல்ல ஏற்பாடுதான். எனினும் எளிதாகவே இருக்கும் பயிற்சி சலிப்பூட்டும் என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதே அரை மணி நேரத்தில் அந்தக் குழுவுக்கு வாசிப்புப் பயிற்சியைத் தருவேன். பள்ளிக்கு வேண்டிய விடையும் அதில்தான் கிடைக்கும்: அந்தப் பன்னிரண்டரை மணி நேரத்தை வேறு எதற்குச் செலவிட்டால் குழந்தைக்கு நல்லது?

கல்வியியல் ஆய்வு மாணவர்:

மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் எதை அளக்கிறீர்கள் என்பது இன்னும் பெரிய சிக்கல். எண்களை நினைவில் வைக்கும் பயிற்சியைத் தந்துவிட்டு எண்களை நினைவில் வைக்கும் தேர்வை வைத்தால், பயிற்றுவித்ததையே திரும்ப அளக்கிறோம். ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்களில் பயிற்சி மாற்றம் என்று நாம் படித்தது இங்கே உயிரான கேள்வியாகிறது. ஒரு செயலில் பெற்ற பயிற்சி மற்றொன்றுக்கு எளிதில் பரவுவதில்லை என்று உளவியலாளர்கள் தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் 1901இலேயே காட்டினார்கள். மெல்பி-லெர்வாக், ஹியூம் இருவரும் செயல்நினைவுப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்ட பகுப்பாய்வும், நினைவுத் தேர்வுகளில் குறுகிய கால முன்னேற்றத்தைக் கண்டதே தவிர, வாசிப்புக்கோ கணக்குக்கோ அது பரவியதற்குச் சான்று காணவில்லை.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்த ஓர் ஆய்வு உங்கள் சூழலுக்கு மிக நெருக்கமானது. செயல்நினைவு குறைவாக இருந்த 452 முதல் வகுப்புக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினருக்கு காக்மெட் என்னும் கணினிவழிச் செயல்நினைவுப் பயிற்சியில் 20 முதல் 25 அமர்வுகள் அளித்தார்கள். சில நினைவுத் தேர்வுகளில் ஆறாம் மாதத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஓராண்டு, ஈராண்டு கழித்துப் பார்த்தபோது வாசிப்பு, எழுத்துக்கூட்டல், கணக்கு எதிலும் பலன் இல்லை. இரண்டாம் ஆண்டில் கணக்கு மதிப்பெண் பயிற்சி பெற்றவர்களுக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆறு மாதத்தோடு நிறுத்தியிருந்தால் அது வெற்றிக் கதையாகியிருக்கும்!

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 17,000க்கும் மேற்பட்ட ஸ்வீடன் குழந்தைகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வில், கணக்குப் பயிற்சியோடு இடவெளித் திறன் (பொருள்களின் இடத்தையும் வடிவத்தையும் மனதில் கையாளும் திறன்) பயிற்சியும் பெற்றவர்கள் கணக்கில் சற்று அதிகம் முன்னேறினார்கள். ஆகவே, இந்தப் பயிற்சிகள் எல்லாமே வீண் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடாமல் சோதித்துப் பார்ப்பதே நேர்மை.

வகுப்பாசிரியை:

மிக்க நன்றி. குலுக்கலைக் குழந்தைகளுக்குப் பதிலாக வகுப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாமா? நான்கு பிரிவுகளில் இரண்டுக்குப் பயிற்சி, இரண்டுக்கு வாசிப்பு என்றால் கால அட்டவணை எளிதாகும்.

புள்ளியியல் ஆசிரியர்:

எளிதாகும், ஆனால் ஆய்வு பலவீனமாகிவிடும். ஒரே வகுப்பில் படிப்பவர்கள் ஒரே ஆசிரியரையும் ஒரே சூழலையும் பகிர்வதால் அவர்களுடைய மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். வகுப்புக்கு 30 பேர் என்றும் அந்த ஒப்புமையின் அளவு (ஒப்புமையே இல்லை என்றால் 0, முழு ஒப்புமை என்றால் 1) 0.15 என்றும் கொண்டால், உங்கள் 120 குழந்தைகள் தரும் தகவல் தனித்தனியான 22 பேர் தரும் தகவலுக்கே சமம். ஒவ்வொரு வகுப்புக்குள்ளும், முன்தேர்வு மதிப்பெண் நெருங்கிய இருவரை இணையாக்கி, அவர்களுக்கிடையே குலுக்குங்கள்.

அப்படிச் செய்தாலும் குழுவுக்கு 60 பேர் என்பது அரைத் திட்டவிலக்கம் (திட்டவிலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) அளவுள்ள பெரிய வேறுபாட்டைக் கண்டறியத்தான் ஏறத்தாழப் போதுமானது. ஒரு திட்டவிலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலான சிறு பலனை நம்பகமாகக் காண, குழுவுக்கு ஏறத்தாழ 400 பேர் வேண்டும். எனவே வேறுபாடு தெரியவில்லை என்றால், பலனே இல்லை என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். பெரிய பலன் இருப்பதற்கு வாய்ப்பில்லை என்று மட்டும் எழுதலாம். முதன்மை அளவுகோல் எது என்பதைத் தொடங்குமுன்பே எழுதி நிர்வாகத்திடம் கொடுத்துவிடுங்கள். பயிற்சியைப் பாதியில் விட்டவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்; நன்றாக முன்னேறியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் எந்தப் பயிற்சியும் நல்ல பயிற்சியாகத்தான் தெரியும்.

வகுப்பாசிரியை:

அப்படியானால் கணக்கையும் வாசிப்பையும் முதன்மை அளவுகோல்களாக வைத்து, எந்தக் குழந்தை எந்தக் குழு என்று அறியாத வேறொரு ஆசிரியரைக் கொண்டு, பயிற்சி முடிந்ததும் ஓராண்டு கழித்தும் தேர்வு வைக்கிறேன். ஓராண்டு வரை காத்திருக்க நிர்வாகத்தை இணங்க வைப்பதுதான் கடினம். மெல்போர்ன் முடிவுகளை அவர்களிடம் காட்டப் போகிறேன்.